மஞ்சள் நோட்டீஸ் வந்திருக்கிறது: ஐ.பி. உண்மையிலேயே போட்டிருக்கிறாரா என்று எங்கே பார்ப்பது?

பவர்டேபிள்_திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கம்ங்க. திருப்பூரில் 12 தையல் மெஷின் போட்டுப் பவர்டேபிள் ஓட்டுகிறேன். ஒரு பனியன் கம்பெனிக்கு இரண்டு வருடமாகத் தைத்துக் கொடுத்து வந்தேன். தீபாவளிக்கு முன்பிருந்தே கூலி நின்றுவிட்டது. பாக்கி 4,60,000 ரூபாய். டெலிவரி சலான் ஒன்று விடாமல் கோத்து வைத்திருக்கிறேன்.

போன வாரம் ரிஜிஸ்டர் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பேர்தான் மஞ்சள் நோட்டீஸ், தாள் என்னவோ வெள்ளைதான். அவர் கடனைத் தீர்க்க வகையில்லாமல் நொடித்துப்போய்விட்டாராம், ஐ.பி. மனு, அதாவது தன்னை நொடித்தவர் என்று அறிவிக்கக் கேட்கும் மனு, கோர்ட்டில் தாக்கல் செய்திருக்கிறாராம், இனி நேரில் போய்ப் பணம் கேட்கக் கூடாதாம். ஆனால் ஐ.பி. என்று அடித்த இடத்துக்குப் பக்கத்தில் எண் இல்லை, வெறும் புள்ளிகள். எந்தக் கோர்ட் என்பதும் இல்லை.

வீதியில் எல்லோரும் சொல்வது ஒன்றே: "மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்னா தலை முழுகிற வேண்டியதுதான்." சனிக்கிழமை ஆனால் 9 பேருக்குச் சம்பளம் போட வேண்டியவள் நான். அப்படித் தலை முழுக முடியாதுங்க. உண்மையிலேயே மனு போட்டிருக்கிறாரா என்று என்னைப் போன்ற ஒருத்தி போய்ப் பார்க்க முடியுமா? எங்கே பார்க்க வேண்டும்?

வெள்ளகோவில்_தறி

அக்கா, தயவுசெய்து அந்த நோட்டீஸைப் பரணில் போட்டுவிடாதீர்கள். எங்கள் அப்பா அதைத்தான் செய்தார்.

1998இல் ஒரு ஜவுளி வியாபாரி எங்களுக்குத் தறிக்கூலி பாக்கி வைத்துவிட்டு மஞ்சள் நோட்டீஸ் அனுப்பினார். அப்பா ஒரு முறை படித்தார், மடித்தார், தகரப் பெட்டியில் வைத்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கவில்லை. பல வருடம் கழித்து வேறு வேலையாகக் கோர்ட்டுக்குப் போன என் மாமா பழைய பதிவேட்டைப் பார்த்திருக்கிறார். அந்த மனு இரண்டாவது வருடமே தள்ளுபடி ஆகியிருந்தது. மனு போட்டவரே ஆஜராகவில்லை. அவரை நொடித்தவர் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவே இல்லை! அதற்குள் வழக்குப் போடும் கெடு தாண்டி எங்கள் கடனுக்குக் காலாவதி ஆகிவிட்டது. அப்பா இருந்தவரை அவரிடம் இதை நாங்கள் சொல்லவில்லை.

எங்கே பார்ப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என்.சி.எல்.டி. (தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்) இணையதளத்தில் பார்க்கலாம் என்று எங்கேயோ படித்தேன்.

கோபி_குமாஸ்தா

அம்மிணி, நான் 32 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். கோபி, பவானி, ஈரோடு என்று வழக்குக் கட்டு தூக்கிக்கொண்டு அலைந்த ஆள். முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐ.பி. போடுவது வேறு, நொடித்தவர் என்று கோர்ட் உத்தரவு போடுவது வேறு. நம் ஊரில் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பாதிப் பேர் பணத்தை விட்டுவிடுகிறார்கள்.

தனிநபரும் கூட்டாண்மை நிறுவனமும் இன்றைக்கும் 1920ஆம் வருட மாகாண நொடிப்புச் சட்டத்தின்படிதான் மனு போடுகிறார்கள். 2016இல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதனால் உங்கள் பனியன் கம்பெனிக்காரர் தனி ஆள் என்றால் என்.சி.எல்.டி.யில் தேடிப் பயனில்லை. சார்பு நீதிமன்றத்தில், நாம் சப் கோர்ட் என்கிறோமே, அங்கேதான் பார்க்க வேண்டும்.

வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஈ-கோர்ட்ஸ் இணையதளம், செல்போன் செயலி இரண்டும் இலவசம். மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, கட்சிக்காரர் பேர் என்ற பகுதிக்குப் போங்கள். பேரையும் வருடத்தையும் போட்டு, நிலுவை, முடிந்தது இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். சாதாரண வழக்கில் கடன் வாங்கியவர் பிரதிவாதியாக இருப்பார். ஐ.பி.யில் அவரே மனுதாரர், நாமெல்லாம் எதிர்மனுதாரர்கள். ஆகவே அவர் பேரைப் போட்டுத் தேடுங்கள். கிடைத்துவிட்டால் டி.என். என்று தொடங்கும் 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த ஒரு எண் போதும், ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது என்று காட்டிவிடும்.

பவர்டேபிள்_திருப்பூர்

ரொம்ப நன்றிங்க ஐயா. இரவு 11 மணி வரை உட்கார்ந்து பார்த்தேன். திருப்பூர் வளாகத்தில் அவர் பேரில் ஒன்றுமே வரவில்லை. அப்படியானால் மனுவே போடாமல் மிரட்டுவதற்காக நோட்டீஸ் அனுப்பியிருக்கிறாரா?

வரிக்கணக்கு_ஈரோடு

அக்கா, அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வராதீர்கள். முதலில் அவர் தனி ஆளா, கூட்டாண்மையா, பிரைவேட் லிமிடெட்டா என்று உறுதி செய்யுங்கள். போர்டில் "கம்பெனி" என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், நம் ஊரில் நாலு மெஷின் இருந்தாலே கம்பெனிதான்.

அவர் கொடுத்த பில்லையோ சலானையோ எடுத்து ஜி.எஸ்.டி. எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் 33, அது தமிழ்நாடு. அடுத்த 10 எழுத்தும் அவருடைய பான் எண். மொத்த எண்ணில் 6ஆவது இடத்தில் இருக்கிற எழுத்து பி என்றால் தனிநபர், எஃப் என்றால் கூட்டாண்மை, சி என்றால் கம்பெனி. எஃப் இருந்தால் எல்.எல்.பி. என்கிற வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மையாகவும் இருக்கலாம், அதை எம்.சி.ஏ. (கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் பேரைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

அப்படியே ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால், கடைப் பேரோடு சட்டப்படியான பேரும் வரும். தனி ஆள் என்றால் அது பான் அட்டையில் இருக்கும் அவருடைய சொந்தப் பேர். ஈ-கோர்ட்ஸில் அதைப் போட்டுத் தேடுங்கள். "முருகன் டெக்ஸ்" என்று கடைப் பேரைப் போட்டுத் தேடியிருந்தால் வராததில் ஆச்சரியமே இல்லை.

கோபி_குமாஸ்தா

தம்பி சொன்னது நல்ல வழி. அதோடு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேரை முழுதாகப் போடாதீர்கள். பழனிசாமி என்ற ஒரே பேரை ஆங்கிலத்தில் கட்டுக்குக் கட்டு ஒரு மாதிரி எழுதியிருப்பார்கள். ஒன்றில் "சாமி"க்கு எஸ் மட்டும், இன்னொன்றில் டபிள்யூ சேர்த்து, வேறொன்றில் சி.ஹெச். போட்டு. கடைசி ஆங்கில எழுத்து 'ஐ'யா, 'ஒய்'யா என்பதிலும் ஒற்றுமை இருக்காது. இனிஷியல் முன்னால் வரும், பின்னாலும் வரும். முதல் ஐந்தாறு எழுத்தை மட்டும் போடுங்கள். நிறைய வரும், பரவாயில்லை. ஐ.பி. என்று இருப்பதை மட்டும் திறந்து தகப்பனார் பேரையும் ஊரையும் ஒத்துப் பாருங்கள்.

அடுத்தது ஊர். மனுதாரர் எங்கே குடியிருக்கிறாரோ, அல்லது எங்கே தொழில் செய்கிறாரோ, அந்த இடத்துக் கோர்ட்டில் போடலாம் என்பது சட்டம். திருப்பூரில் கம்பெனி வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்குக் காங்கேயம், தாராபுரம், பல்லடம், உடுமலைப் பக்கம் தோட்டம் துரவு இருக்கிறது! ரேஷன் கார்டு அங்கே இருக்கும், மனுவும் அங்கேயே போயிருக்கும். அவர் சொந்த ஊர் எது என்று உங்கள் டெம்போக்காரரைக் கேட்டாலே சொல்வார்.

பழைய வழக்கைத் தேடுகிறவர்களுக்கும் ஒன்று. திருப்பூர் மாவட்டம் 2009இல்தான் வந்தது. அதற்கு முன்னால் தாராபுரமும் காங்கேயமும் ஈரோடு மாவட்டம், திருப்பூரும் பல்லடமும் கோவை மாவட்டம். அந்தக் காலத்து அப்பீல் பதிவுகளுக்குப் பழைய மாவட்டத் தலைநகரில்தான் விசாரிக்க வேண்டும்.

பீளமேடு_லேத்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அந்த 6ஆவது எழுத்து சி ஆக இருப்பவர்களுக்காக என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்தேன், ஒரு பிரைவேட் லிமிடெட்டுக்கு. 7 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் பாக்கி. அந்தக் கம்பெனியின் மேல் வேறொருவர் சென்னை என்.சி.எல்.டி.யில் மனு போட்டு, அது ஏற்கப்பட்டு, கம்பெனியே தீர்ப்பாயம் நியமித்த ஒரு தீர்வு வல்லுநர் கைக்குப் போய்விட்டது. இது நடந்து ஐந்து மாதம் வரை எனக்குத் தெரியாது. கேட்டுக்குள் போனால் செக்யூரிட்டி புது ஆள், கணக்கரும் புது ஆள்.

அந்தத் தீர்வு வல்லுநர் பொறுப்பேற்ற மூன்று நாளுக்குள் பொது அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். ஓர் ஆங்கிலப் பத்திரிகை, ஒரு தமிழ்ப் பத்திரிகை, ஐ.பி.பி.ஐ. என்கிற திவால் வாரியத்தின் இணையதளம். கடன் கொடுத்தவர்கள் 14 நாளுக்குள் தங்கள் கோரிக்கையைச் சான்றுகளோடு அனுப்ப வேண்டும். என்னைப் போலச் சரக்குக் கொடுத்தவர்களுக்கும் வேலை செய்து கொடுத்தவர்களுக்கும் அது படிவம் பி, வங்கிகளுக்குப் படிவம் சி, தொழிலாளிகளுக்குப் படிவம் டி. அதற்குப் பிறகும் அனுப்பக் கொஞ்சம் அவகாசம் உண்டு, ஆனால் நான் அதையும் தாண்டிவிட்டேன்.

அறிவிப்பு நான் தினமும் வாங்கும் பேப்பரிலேயே வந்திருக்கிறது. பழைய பேப்பர் கட்டை அவிழ்த்துத் தேடினேன். டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அந்தத் தாளின் மேல் லேத் எண்ணெய் படிந்திருந்தது. நானேதான் அதன் மேல் பீஸ்களை அடுக்கி வைத்திருக்கிறேன்.

இப்போது திங்கள்கிழமை காலை முதல் வேலையாக, எனக்குப் பாக்கி இருக்கும் ஒவ்வொரு கம்பெனிப் பேரையும் ஐ.பி.பி.ஐ. தளத்தின் பொது அறிவிப்புப் பகுதியில் பார்த்துவிடுகிறேன். எம்.சி.ஏ. தளத்தில் கம்பெனியின் அடிப்படை விவரம் இலவசம். திவால் நடவடிக்கையில் இருக்கிறதா, கலைப்பில் இருக்கிறதா என்பது அங்கேயே தெரியும், எந்த வங்கிக்கு எவ்வளவுக்கு அடமானம் என்பதும் தெரியும். என்.சி.எல்.டி. தளத்தில் பேரைப் போட்டால் தினசரி உத்தரவுகளைப் படிக்கலாம். நாமே மனு போடலாமா என்றால், 2020 மார்ச்சிலிருந்து குறைந்தது 1 கோடி ரூபாய் பாக்கி இருந்தால்தான் முடியும். நம்மைப் போன்ற சிறு ஆட்களுக்கு, யாரோ போட்ட மனுவில் நேரத்துக்குப் போய்ச் சேர்வதுதான் வழி. அதற்காகத்தான் தேடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

சென்னிமலை_வீடு

எங்கள் ஊரில் ஒரு பைனான்ஸில் டெபாசிட் போட்டுப் பணம் போய்விட்டது. அதையும் இப்படித் தேடலாமா?

கோபி_குமாஸ்தா

டெபாசிட் என்றால் பாதையே வேறுங்க. அதற்கு 1997ஆம் வருட முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். நம் பகுதிக்குக் கோவையில் தனிக் கோர்ட் இருக்கிறது. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் விழுந்தபோது போட்ட புகார்களெல்லாம் அந்த வழியில்தான் போயின. சொத்தை அரசாணை போட்டு முடக்குவார்கள். முதலில் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்து உங்கள் பேரைப் பட்டியலில் ஏற்றுங்கள்.

பவர்டேபிள்_திருப்பூர்

கிடைத்துவிட்டதுங்க!

6ஆவது எழுத்து பி. ஜி.எஸ்.டி. தளத்தில் அவருடைய முழுப் பேர் வந்தது. டெம்போ அண்ணனைக் கேட்டேன், சொந்த ஊர் மூலனூர்ப் பக்கம் என்றார். தாராபுரம் வளாகத்தைத் தேர்ந்தெடுத்து முதல் ஆறு எழுத்தைப் போட்டேன். மூன்றாவது பக்கத்தில் இருக்கிறார். ஐ.பி. எண் இருக்கிறது, தாக்கல் தேதி இருக்கிறது. நிலை என்ற இடத்தில் "நோட்டீஸுக்காக" என்று போட்டு அடுத்த மாதம் வாய்தா. எதிர்மனுதாரர்கள் மொத்தம் 31 பேர். 17ஆவது நான். என் பேரையும் வீட்டு எண்ணையும் கோர்ட் பக்கத்தில் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. குற்றம் செய்தது நான் என்பது போல இருந்தது.

இனி என்ன செய்ய வேண்டும் ஐயா?

கோபி_குமாஸ்தா

எதிர்மனுதாரர் என்றால் குற்றவாளி இல்லை அம்மிணி. உங்களைக் கேட்காமல் உத்தரவு போட மாட்டோம் என்று கோர்ட் சொல்கிறது, அவ்வளவுதான். கை நடுங்க வேண்டாம்.

இன்னும் நோட்டீஸ் நிலையில்தான் இருக்கிறது. நொடித்தவர் என்ற உத்தரவு வரவில்லை. வந்திருந்தால் சொத்தெல்லாம் ரிசீவர், அதாவது கோர்ட் நியமிக்கும் பொறுப்பாளர், கைக்குப் போயிருக்கும், தனியாக அவர் மேல் வழக்குப் போடக் கோர்ட் அனுமதி வேண்டியிருக்கும். உத்தரவு வரும்வரை உங்கள் மூன்று வருடக் காலாவதிக் கணக்கு நிற்காமல் ஓடும், உத்தரவு வந்தால் அந்தத் தேதிக்குப் பிந்தைய நாட்களைத்தான் அந்தக் கணக்கில் கழிப்பார்கள். வெள்ளகோவில் தம்பியின் அப்பா ஏமாந்தது இந்த இடத்தில்தான். உங்களுடைய கடைசி சலான் தேதியை வக்கீலிடம் முதலில் காட்டுங்கள்.

இணையத்தில் தெரிவது மேல் அட்டை மாதிரி. உள்ளே இருப்பதைப் பார்க்க நகல் வேண்டும். நீங்கள் கட்சிக்காரர் என்பதால் நகல் மனு போட்டு, கோர்ட் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாவது ஆள் என்றால் எதற்காக வேண்டும் என்று அஃபிடவிட் போட்டு நீதிபதியின் அனுமதி வாங்க வேண்டும்.

மனுவோடு இரண்டு பட்டியல் இருக்கும். ஒன்றில் யார் யாருக்கு எவ்வளவு கடன், மற்றதில் என்ன சொத்து. முதல் பட்டியலில் உங்கள் தொகை சரியா என்று பாருங்கள். இரண்டாவது பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, பதிவுத்துறை இணையதளத்தில் அவர் ஊர் நிலங்களுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் மனைவிக்கோ மகனுக்கோ தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்திருந்தால், நொடித்தவர் என்று உத்தரவான பிறகு அதை ரத்து செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. ரிசீவர் அதற்கு மனு போடுவார். அவர் போடாவிட்டால், தனக்கு வர வேண்டிய கடனை நிரூபித்தவர் கோர்ட் அனுமதியோடு போடலாம்.

கரூர்_கொசுவலை

நகலுக்கு ஏன் அலைய வேண்டும்? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு மனு போட்டால் வந்துவிடாதா? ஒரு கோர்ட் வாசலில் ஒருவர் 3,000 ரூபாய் கொடுத்தால் மொத்தக் கட்டையும் எடுத்துத் தருவதாகவும் சொன்னார்.

கோபி_குமாஸ்தா

இரண்டும் வேண்டாம். கோர்ட் ஆவணத்தின் நகலைக் கோர்ட் விதிகளின்படியே வாங்க வேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. அந்த 3,000 ரூபாய் ஆளிடம் கிடைப்பது முத்திரை இல்லாத ஜெராக்ஸ். நாளைக்கு அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. முறையாக வாங்கும் சான்றிட்ட நகலுக்கு அதில் சிறு பங்குதான் ஆகும்.

ஐபி_போட்டவன்

இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நான் ஐ.பி. போட்டவன். சாயப்பட்டறை வைத்திருந்தேன். 2011இல் கோர்ட் உத்தரவால் பட்டறைகளை மூடினார்கள் அல்லவா, அதற்கப்புறம் எழுந்திருக்கவே முடியவில்லை. ஒரு சென்ட் இடத்தைக்கூட மறைக்கவில்லை. மனைவியின் நகை உட்பட எழுதிக் கொடுத்தேன். ரிசீவர் விற்றுப் பிரித்தார், எல்லோருக்கும் ஒரு பங்குதான் கிடைத்தது. அப்புறம் கோர்ட் என்னைக் கடன்களிலிருந்து விடுவித்து விடுவிப்பு உத்தரவு கொடுத்தது. அந்த உத்தரவும் அதே கட்டில்தான் இருக்கிறது. ஆனால் யாரோ முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து எங்கள் பங்காளிகள் குரூப்பில் போட்டார்கள். என் மகளின் கல்யாணப் பேச்சு அதோடு நின்றது.

தேடுங்கள், கட்டாயம் தேடுங்கள். உங்கள் உழைப்பின் கூலி அது. தேடும்போது கடைசி உத்தரவு வரை படியுங்கள். மனு தள்ளுபடியா, நிலுவையா, நொடித்தவர் என்று உத்தரவா, விடுவிப்பா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஒரு மனிதனைப் பற்றிப் பேசுங்கள். அந்தப் பக்கத்தில் இருக்கும் 31 பேரின் விலாசத்தையும் குரூப்பில் போடாதீர்கள்.

பவர்டேபிள்_திருப்பூர்

அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் யாருக்கும் எதையும் அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டேன்.

நேற்றுத் தாராபுரம் போய் வந்தேன். போன வாரம் போட்ட நகல் மனுவுக்கு நகல் தயாராக இருந்தது. வட்ட முத்திரையோடு 46 பக்கம். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து சொத்துப் பட்டியல் வரை படித்தேன்.

கடன் பட்டியலில் 17ஆவது வரியில் என் பேருக்கு எதிரே 1,60,000 என்று இருக்கிறது. என் சலான் கணக்கு 4,60,000. சொத்துப் பட்டியலில் ஒரு பழைய பைக், நான்கு ஓவர்லாக் மெஷின், வீட்டுச் சாமான், அவ்வளவுதான். மூலனூர்ப் பக்கம் தோட்டம் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரவு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். மனு தாக்கலுக்கு 14 மாதம் முன்னால் 3 ஏக்கர் 20 சென்ட் மகன் பேருக்குத் தான செட்டில்மெண்ட்.

இன்று காலை வக்கீலைப் பார்த்து எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். வாய்தாவுக்கு முன் ஆட்சேபணை மனு போடுகிறார், சலான்களை வைத்து என் தொகையைத் திருத்தக் கேட்கிறார். கடைசி சலானுக்கு இரண்டு வருடம் இன்னும் முடியவில்லை, தனியாகப் பண வழக்கும் போடுவோம் என்றார். பட்டியலில் எனக்கு மேல் வரியில் இருப்பவர் காஜா பட்டன் போடும் அம்மா, எனக்குப் பழக்கம்தான். அவருக்கு வந்த நோட்டீஸைப் பிரிக்கவே இல்லையாம். நாளைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.